அம்மாவின் நன்றி நோட்டு, அப்பாவின் திதி

கேள்வி: எனக்கு 34 வயது. ஈரோட்டில் கணவரோடும் மகனோடும் இருக்கிறேன். அப்பா தொண்டைப் புற்றுநோயில் இறந்து ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகு அம்மா (61) எங்களோடுதான் இருக்கிறார். ஒரு தோழி சொல்லி ஆன்லைனில் ‘ஆழ்மனப் பயிற்சி’ வகுப்பில் சேர்ந்தார். விடிகாலை நாலரைக்கு எழுந்து ‘நன்றி பிரபஞ்சமே’ என்று நோட்டில் எழுதுகிறார். வேண்டியதைக் காலையில் 3, மதியம் 6, இரவு 9 தடவை எழுதுகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். அப்பாவின் முதல் வருஷத் திதி அன்று, ‘இழப்பை நினைச்சா இழப்புதான் வரும்’ என்று சொல்லி எதுவும் செய்ய விடவில்லை. தம்பி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். சர்க்கரை மாத்திரையையும், ‘போட்டா நோயை நம்புறதா ஆயிடும்’ என்று அடிக்கடி விட்டுவிடுகிறார். இதுவரை 38,000 ரூபாய் கட்டியிருக்கிறார், அடுத்த நிலைக்கு 1,20,000 கேட்கிறார்களாம். ‘உங்கம்மா மதம் மாறிட்டாங்க’ என்கிறார் என் கணவர். அம்மாவோ, ‘இது மதமே இல்லடி, மனசோட சயின்ஸ்’ என்கிறார். போன வாரம் ராத்திரி அழுதுகொண்டே, ‘உங்கப்பா போயிடுவாரோன்னு நான் பயந்துட்டே இருந்தேன், அந்தப் பயம்தான் அவரைக் கொண்டுபோயிடுச்சுன்னு கிளாஸ்ல சொன்னாங்க’ என்றார். இது மதமா, இல்லையா? மதம் என்றால் அவர் நம்பிக்கை என்று ஒதுங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் சண்டை போட்டாவது நிறுத்திவிடுவேன். இதனால் சொத்து விஷயத்தில் சிக்கல் வருமா என்று தம்பி கேட்கச் சொன்னான்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது மதத்தைப் பற்றி. ஆனால் அம்மா அந்த ராத்திரி அழுதுகொண்டே சொன்னதைப் படித்த பிறகு வேறு எதற்கும் போக எனக்கு மனம் வரவில்லை, அதனால் அதற்குத்தான் முதல் பதில். அம்மாவின் பயம் அப்பாவைக் கொண்டுபோகவில்லை.

ஆறுதலுக்காக இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோய்ன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேர், அதாவது உங்கள் அப்பாவுக்கு வந்த அதே வகை நோய். அவர்களின் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று தொடர்ந்து பார்த்தார்கள். 646 பேர் ஆய்வு முடிவதற்குள் இறந்துபோனார்கள். மனத் தெம்போடு இருந்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழவும் இல்லை, துவண்டு கிடந்தவர்கள் அதனால் சீக்கிரம் போகவும் இல்லை. நோய் வந்தவரின் சொந்த மனதுக்கே அதில் பங்கு இல்லையென்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மனைவியின் பயம் என்ன செய்திருக்க முடியும்? புருஷனுக்குப் புற்றுநோய் என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? இதை அம்மாவிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், எப்படிச் சொல்வது என்று கடைசியில் வருகிறேன்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. மதம் என்றால் ஒதுங்குவேன், இல்லையென்றால் சண்டை போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. மதமாகவே இருக்கட்டும், சர்க்கரை மாத்திரையை விடச் சொன்னால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். மதமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 61 வயதில் துணையை இழந்த ஒரு பெண் பற்றிக்கொண்டிருக்கிற கொழுகொம்பை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. ஆனாலும் உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடப் போவதில்லை, ஏனென்றால் அந்த வகுப்பின் பலமே ‘இது மதம் இல்லை’ என்று சொல்வதில்தான் இருக்கிறது. நான் மனநல ஆலோசகர். இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போய் உடைந்துபோய் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால், இது எங்கிருந்து வந்தது என்று சில வருடங்களாகத் தேடிப் படித்துவருகிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது மதம்தான். பிறந்ததும் மதமாகத்தான், உங்கள் வீட்டில் செய்துகொண்டிருப்பதும் ஒரு மதம் செய்கிற வேலையைத்தான்.

நடுவில் தம்பியின் சந்தேகத்தை முடித்துவிடலாம். 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் என்று சொன்னதோடு நிற்காமல், முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர்களையும் பொதுவாகத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. பிரபஞ்சத்துக்கு நன்றி எழுதுவதால் அம்மா அதைவிட்டு வெளியே போக மாட்டார். சொத்து அப்படியேதான் இருக்கும்.

‘மதம்’ என்ற சொல்லுக்கே தமிழில் பழைய பொருள் கருத்து, கொள்கை என்பதுதான். நன்னூலில் ‘எழுவகை மதம்’ என்று வருகிறதே, அங்கே சாமியும் இல்லை, கோயிலும் இல்லை. பிறர் சொன்னதை ஒப்புக்கொள்வது, மறுப்பது என்று நூல் எழுதுகிறவர் எடுக்கிற நிலைப்பாடுகளைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆக, சாமி இல்லாததால் மதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் உச்ச நீதிமன்றமும் 1954-லேயே இதைச் சொல்லிவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்து அறநிலையத் துறை ஆணையருக்கும் உடுப்பியின் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கு அது. கடவுளை வைத்துத்தான் மதம் என்று இல்லை, பௌத்தமும் சமணமும் நம் நாட்டிலேயே இருக்கின்றனவே என்றார்கள் நீதிபதிகள்.

‘நாங்கள் மதம் இல்லை, இது சயின்ஸ்’ என்ற அம்மாவின் பேச்சும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது, இங்கே இல்லை, அமெரிக்காவில். 1970-களில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஐந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தைப் பாடமாக வைத்தார்கள். அறிவியல் என்ற பெயரில்தான் பாடம் நடந்தது, மன அமைதி வரும், படிப்பு வரும் என்று சொன்னார்கள். ஆனால் மந்திரம் வாங்க ஒவ்வொரு மாணவரும் பழம், பூ, வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோக வேண்டும், மகரிஷியின் குருவின் படத்துக்கு முன்னால் ஆசிரியர் சமஸ்கிருதத்தில் பூஜை செய்வார். சில பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். நடத்தியவர்கள் கடைசி வரை இது மதம் இல்லை என்றுதான் வாதாடினார்கள். 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இது மதம்தான், அரசுப் பள்ளியில் கூடாது என்று உறுதி செய்தது. அந்த அமர்வில் இருந்த ஆடம்ஸ் என்ற நீதிபதி தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். ஒன்றை மதம் என்று எப்படிக் கண்டுகொள்வது என்று அவர் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. வாழ்வு, சாவு போன்ற கடைசிக் கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறதா, ஒரே ஒரு விஷயத்தோடு நிற்காமல் வாழ்க்கை முழுவதையும் மூடுகிற மாதிரி விரிகிறதா, சடங்கு, குரு, கூடுகிற நாள் என்ற வெளி அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள் என்றார்.

அம்மாவின் வகுப்பை இதில் வைத்துப் பாருங்கள். அப்பா ஏன் இறந்தார் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். பணம், நோய், சம்பந்தம், பேரனின் படிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே விதியைச் சொல்கிறார்கள். நாலரை மணி, நோட்டு, 3-6-9, சொல்லக் கூடாத வார்த்தைகள், குருவுக்குக் காணிக்கை எல்லாம் இருக்கிறது. உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. மாறினார் என்பதைவிட, இருந்த மதத்துக்கு மேல் இன்னொன்றைப் போர்த்திக்கொண்டார் என்று சொல்வேன்.

நீதிமன்றம் எப்போதும் ஒரே மாதிரி சொல்லாது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஆரோவில் நிர்வாகத்தை மத்திய அரசு 1980-ல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டபோது, நாங்கள் ஒரு மதப் பிரிவு, எங்கள் உரிமை போய்விட்டது என்று அரவிந்தர் சொசைட்டி தரப்பில் வாதாடினார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் பெரும்பான்மையினர், அரவிந்தரின் போதனை தத்துவம், மதம் இல்லை என்றார்கள். அரவிந்தரும் அன்னையும் அதை மதம் என்று சொல்லிக்கொண்டதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். ஐவரில் ஒருவரான சின்னப்ப ரெட்டி இந்த விஷயத்தில் மட்டும் மாறுபட்டார். அங்கே மதம் இல்லை என்றவர்களை மதம் என்றது நீதிமன்றம், இங்கே மதப் பிரிவு என்றவர்களை இல்லை என்றது. சட்டம் தன் முன்னால் வந்த காரியத்துக்குத் தேவையான வரைதான் இதைப் பார்க்கும். வீட்டுக்குள் இருக்கிற நாம் வேறு மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்மாவின் வகுப்பில் இதெல்லாம் நம் ரிஷிகள் சொன்னது என்று சொல்லியிருப்பார்கள், எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்கிற வடிவம் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. மெய்ன் மாநிலத்தில் பீனியஸ் குவிம்பி என்று ஒரு கடிகாரம் செய்கிறவர் இருந்தார், 1866-ல் இறந்தார். நோய் என்பது மனதின் தவறான நம்பிக்கை, நம்பிக்கையை மாற்றினால் நோய் போகும் என்று சொல்லி வைத்தியம் பார்த்தார். அவரிடம் 1862-ல் நோயாளியாக வந்தவர் மேரி பேக்கர் எட்டி. அவர் 1879-ல் ‘கிறிஸ்தவ விஞ்ஞானம்’ என்ற பெயரில் ஒரு திருச்சபையையே தொடங்கினார். பெயரிலேயே விஞ்ஞானம் இருக்கிறது பாருங்கள், அம்மா சொல்கிற ‘மனசோட சயின்ஸ்’ என்ற பேச்சுக்கு அவ்வளவு வயசு. அந்தச் சபையில் மருந்தைத் தவிர்த்து ஜெபத்தால் குணமாக்குவதுதான் வழக்கம், அப்படி வைத்தியம் இல்லாமல் குழந்தைகள் இறந்த வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வந்திருக்கின்றன.

அடுத்தது கேன்சஸ் சிட்டியில் மிர்ட்டில் ஃபில்மோர் என்ற பெண்மணி. காசநோயோடு இருந்தவர், 1886-ல் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு, தான் கடவுளின் குழந்தை, அதனால் நோய் தன் பரம்பரைச் சொத்து இல்லை என்ற கருத்தில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். உங்கள் அம்மா நோட்டில் எழுதுகிற அஃபர்மேஷன்களின், அதாவது தனக்குத்தானே உறுதியாகச் சொல்லிக்கொள்கிற வாக்கியங்களின், பாட்டி அந்த வாக்கியம்தான். அவரும் அவர் கணவரும் 1889-ல் தொடங்கியது ‘யூனிட்டி’ என்ற இயக்கம், இன்றைக்கு அதற்குப் போதகர்கள், ஞாயிறு வழிபாடு எல்லாம் இருக்கிறது. நினைப்பதே நம்மைத் தேடி வரும் என்கிற ‘ஈர்ப்பு விதி’ என்ற சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் வில்லியம் வாக்கர் அட்கின்சன், வழக்கறிஞர், 1906-ல் அதைத் தலைப்பிலேயே வைத்துப் புத்தகம் போட்டார். அவரே ‘யோகி ராமசரகா’ என்ற இந்தியப் பெயரை வைத்துக்கொண்டு யோகப் புத்தகங்களும் எழுதினார். ரிஷிகளின் பெயர் இதில் எப்படி ஒட்டிக்கொண்டது என்று இதிலிருந்து கொஞ்சம் புரியும். (அதற்காக இங்கிருந்து எதுவுமே போகவில்லை என்று சொல்ல மாட்டேன். விவேகானந்தர் 1894 கோடையில் மெய்ன் மாநிலத்தின் கிரீனேக்கர் முகாமில் இந்த மனவைத்தியக்காரர்கள் நடுவில் பேசியிருக்கிறார், கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது.) ‘பாசிட்டிவ் திங்கிங்’ என்ற பேச்சை 1952-ல் உலகமெல்லாம் கொண்டுபோன நார்மன் வின்சென்ட் பீல் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தின் போதகர். ஜப்பானில் இதே புத்தகங்களைப் படித்த மசஹாரு தனிகுச்சி 1930-ல் தொடங்கிய ‘செய்ச்சோ நோ இயே’ அங்கே மத அமைப்பாகவே பதிவு செய்துகொண்டு பிரேசில் வரை பரவியிருக்கிறது. இத்தனை பேரும் ஒரே ஊற்றில் தண்ணீர் மொண்டவர்கள். சிலர் அதற்குத் திருச்சபை என்று பெயர் வைத்தார்கள், சிலர் பயிற்சி என்று வைத்தார்கள்.

திருக்குறளையும் இதற்கு இழுப்பார்கள். ‘எண்ணிய எண்ணியாங்கு எய்துப’ என்று பாதிக் குறளைப் போட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். மீதி என்ன? ‘எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்’. அது இருக்கிற அதிகாரம் வினைத்திட்பம். நினைப்பதைச் செய்து முடிக்கிற உறுதியைப் பற்றிய அதிகாரத்திலிருந்து நினைப்பை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறார்கள்.

மதமாக இருப்பது தப்பா என்றால், இல்லை. மனிதர்களுக்கு அது தேவைப்படுகிறது, உங்கள் அம்மாவுக்கு ரொம்பவே தேவைப்பட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அதை மறைப்பதில். மதம் என்று ஒப்புக்கொண்டால் ஒருவர் நம்பலாம், நம்பாமல் இருக்கலாம், பலிக்காதபோது சாமி கண் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கலாம். விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. விதி தப்பாது, அப்படியானால் நீ எழுதியதில்தான் தப்பு, உன் மனதில்தான் எங்கேயோ சந்தேகம் இருந்தது என்று ஆகிவிடுகிறது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்பவர்கள்தான். குழந்தை தங்கவில்லை என்றால் தன் எண்ணம் சரியில்லை, கடன் தீரவில்லை என்றால் தன் எண்ணம் சரியில்லை.

வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியல் மேதை 1902-லேயே இதை எழுதிவிட்டார். அவர் காலத்து மனவைத்திய இயக்கத்தைக் கேலி செய்யாமல், உண்மையான மதச் சக்தி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார், பலருக்கு அது உதவுகிறது என்றும் ஒப்புக்கொண்டார். தானே மனச்சோர்வில் அவதிப்பட்டவர் அவர். பிறகு சொன்னார், தீமையும் துக்கமும் உலகத்தின் உண்மையான பகுதி, அதைப் பார்க்க மறுக்கிற மதம் முழுமையாகாது, துக்கத்துக்கு நன்றாக இடம் கொடுத்த மதங்கள்தான் முழுமையானவை, பௌத்தமும் கிறிஸ்தவமும் மாதிரி என்று.

அவர் தேவாரம் படித்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அப்பர் பாடிய முதல் பதிகமே வயிற்று வலியில் துடித்துக்கொண்டு பாடியது, ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’, எமன் மாதிரி வந்து வருத்துகிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று. கண்ணை இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்றுகொண்டு ‘வாழ்ந்து போதீரே’ என்று, நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று, சிவனையே ஏசினார். யாரும் அவர்களைப் பார்த்து, எதிர்மறையாகப் பேசாதே, வலி வந்துவிடும் என்று சொல்லவில்லை. அந்தப் பாட்டுகளை இன்றும் கோயிலில் பாடுகிறோம். பிரபஞ்சத்தை ஏச அம்மாவுக்கு அனுமதி இருக்கிறதா? நன்றி மட்டும்தான் எழுதலாம் என்றால், அந்த ஆத்திரத்தை ஒன்றரை வருடமாக எங்கே வைத்திருக்கிறார்?

இதைச் சொல்லும்போது பழைய வழக்கங்களைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘புருஷனை முழுங்கிட்டா’ என்று கைம்பெண்ணைப் பார்த்துச் சொன்ன ஊர்தான் நம் ஊர். உன் பயம்தான் அவரைக் கொண்டுபோனது என்று அந்த வகுப்பில் சொன்னதும் அதே பழிதான், வார்த்தைதான் வேறு. பாட்டி காலத்தில் ராசியைச் சொன்னார்கள், இப்போது வைப்ரேஷன் என்கிறார்கள். இன்னொன்று, வெள்ளிக்கிழமைக் கோயிலை அம்மா ஏன் விட்டார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? குங்குமம் கொடுக்கிற இடத்தில் யாருடைய கையாவது அம்மா முன்னால் ஒரு நொடி தயங்கியிருக்கலாம். சொந்தக்காரர்கள் வீட்டு வளைகாப்புக்கு அம்மாவை ஓரமாக உட்காரச் சொல்லியிருக்கலாம். அந்த ஆன்லைன் வகுப்பில் யாரும் அவர் நெற்றியைப் பார்ப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். அறுபது வயதில் ஒரு பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்ட முதல் இடமாகக்கூட அது இருக்கலாம். அதைத் திட்டுவதற்கு முன்னால் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதனால் நோட்டைப் பிடுங்காதீர்கள். நன்றி எழுதுவதில் நல்லது உண்டு. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வுகளில், நன்றிக்குரியவற்றை எழுதி வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்தார்கள். ஆனால் நம்பாததைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு விஷயம். 2009-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோன் வுட் குழுவினர், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறவர்களை, நான் அன்புக்குரியவள் என்ற மாதிரி வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ள வைத்துப் பார்த்தார்கள். அப்படிச் சொல்லிக்கொள்ளாத அதே மாதிரியானவர்களைவிட அவர்கள் மனநிலை கீழே இருந்தது. உள்ளே ஒரு குரல், இல்லையே, பொய் சொல்கிறாயே என்று பதில் பேசுகிறது. அம்மா ‘நான் ஆனந்தமாக இருக்கிறேன்’ என்று ராத்திரி ஒன்பது தடவை எழுதிவிட்டுப் படுத்து அழுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. சர்க்கரை வலிக்காமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதனால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அம்மா சொல்வதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி பரிசோதனையும் சேர்த்து. அம்மாவோடு விவாதம் செய்வதைவிட அம்மாவின் மொழியிலேயே பேசிப் பாருங்கள். இந்த மாத்திரையும் பிரபஞ்சம் அனுப்பியதுதானேம்மா, அதற்கும் நோட்டில் ஒரு வரி நன்றி எழுதிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், பலருக்கு நடந்திருக்கிறது. மாத்திரையை விடு என்று வகுப்பில் யாராவது நேரடியாகச் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியையோ ஒலிப்பதிவையோ பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

1,20,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். அம்மாவின் பணம்தான், அம்மாவின் உரிமைதான், ஆனாலும் மூன்று மாதம் தள்ளிப்போடலாம்மா என்று கேளுங்கள். பணம் கட்டத் தயங்குவதே எதிர்மறை எண்ணம் என்று அவர்கள் பதில் சொன்னால் அம்மாவுக்கே எங்கேயோ உறுத்தும். 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகில் ஜேம்ஸ் ரே என்ற பயிற்சியாளர், ஈர்ப்பு விதியைப் பரப்பிய ‘தி சீக்ரெட்’ படத்தில் வந்து புகழ் பெற்றவர், ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டு ஒரு முகாம் நடத்தினார். கொதிக்கிற நீராவிக் கூடாரத்தில் உட்கார வைத்து, உடம்பு கெஞ்சினாலும் தாண்டி வாருங்கள் என்று ஊக்கப்படுத்தினார். மூன்று பேர் இறந்தார்கள், 2011-ல் அவருக்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை. உங்கள் அம்மா அப்படி எங்கும் போகவில்லை. ஆனாலும் தன் உடம்பு சொல்வதையும் தன் பயம் சொல்வதையும் கேட்கக் கூடாது என்று ஒருவரைப் பழக்கிவிட்டால், அதற்குப் பிறகு அவருக்குக் காவல் யாருமில்லை. பணத்துக்கு மேல் எனக்குக் கவலை அதுதான்.

இப்போது திதி. தம்பியை வரச் சொல்லுங்கள். அம்மாவிடம், நீங்கள் செய்தது தப்பு என்று இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே தப்பு தன் மீது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர் அவர். ஐயர், எள், தண்ணீர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், இலையில் வைத்து அப்பா படத்துக்கு முன்னால் படையுங்கள், அம்மாவுக்கு அது வேண்டாம் என்றால் சும்மா சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி நீங்களே பேச ஆரம்பியுங்கள். நானும் பயந்தேன்மா, தம்பியும் பயந்தான், டாக்டர் வெளியே கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கால் நடுங்கும் என்று. உங்கள் பயத்தை நீங்கள் முதலில் வெளியே வைத்தால்தான் அம்மா தன்னுடையதை எடுத்து வைப்பார். அப்போது அந்த 1,093 பேரைப் பற்றிச் சொல்லுங்கள். எண் மறந்துவிட்டாலும் பரவாயில்லை, அப்பாவை எடுத்துக்கொண்டது நோய், நீங்கள் இல்லை என்பதை மட்டும் அம்மா காதில் விழும்படி, தேவைப்பட்டால் பத்து தடவை, சொல்லுங்கள். அழுதால் அழட்டும், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விடாதீர்கள்.

தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, நான் இருந்து என்ன பயன் என்ற மாதிரி அம்மா பேசினால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஈரோட்டில் அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

உங்கள் கணவரிடம், மதம் மாறிவிட்டார் என்று அம்மா காதுபட இனி சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.